உள்ளேன் அம்மா

கொரோனாக் காலத்தைப் பற்றி எழுத வேண்டியவர்களெல்லாம் எழுதி, படிக்க வேண்டியவர்களெல்லாம் படித்து, உலகமே அந்த விஷயத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்ட பிறகு நான் நிதானமாக எழுத உட்காருகிறேன். வயோதிகர்களின் வேகம் அப்படித்தான். இப்பொழுது எழுத நேர்ந்ததற்கு ஒரு முகாந்திரம் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓய்வூதியர்கள் சிலர் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது முழங்கால் வலியாலும் கண் மங்கலாலும் வீட்டை விட்டுப் புறப்படச் சக்தியில்லாமல் இருக்கிறார்களாம். “நோய்க் காலத்தில் நீங்கள் கைபேசியிலேயே சபை நடத்தினீர்களாமே, எப்படி நடத்தினீர்கள்?” என்று அவர்களில் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். கடிதம் நீண்டுகொண்டே போகவே, எல்லோருமே படிக்கட்டும் என்று இங்கே போட்டுவிட்டேன்.

எங்கள் சபைக்குப் பெயர் கிடையாது. பதிவு எண், சந்தா, தலைவர், செயலாளர் முதலிய உபத்திரவங்களும் கிடையா. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குச் சற்றுத் தள்ளி, வெயில் தாழ்ந்த பிறகு, காவேரிக் காற்று முகத்தில் படுகிற இடமாகப் பார்த்து ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் சிலர் உட்காருவது என்று ஏதோ ஒரு காலத்தில் ஏற்பட்டு, அது வழக்கமாகி, பிறகு நியமமாகிவிட்டது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபோர்மனாக இருந்தவர், பாய்லர் ஆலையிலிருந்து வந்தவர், பாங்கியில் மானேஜராக இருந்தவர், கருவூலத்தில் கணக்குப் பார்த்தவர், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று திருச்சிராப்பள்ளியில் எத்தனை விதமான உத்தியோகங்கள் உண்டோ அத்தனைக்கும் பிரதிநிதிகள் அங்கே இருந்தார்கள். பேசாத விஷயம் கிடையாது. முடிவுக்கு வந்த விஷயமும் கிடையாது. 2020-ஆம் வருஷம் பிப்ரவரி 5-ஆம் தேதி, 23 வருஷங்களுக்குப் பிறகு தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது, சபையார் ஒரு வேன் வைத்துக்கொண்டு போய், பெருங்கூட்டத்தினிடையே தோளோடு தோள் உரச நின்று தரிசித்துவிட்டு வந்தோம். அடுத்த மாதமே மனிதன் மனிதனைக் கண்டு ஒதுங்கப் போகிறான் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவரை வேனிலிருந்து இறக்கிவிட்டிருப்போம்.

மார்ச் 24-ஆம் தேதி இரவு பிறந்த ஊரடங்கு உத்தரவு எல்லோருக்கும் தெரிந்ததே. கோயில் அடைத்தாயிற்று, படித்துறையும் அடைத்தாயிற்று. வயதானவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அரசாங்கமும் சொன்னது, பிள்ளைகளும் சொன்னார்கள். அரசாங்கத்தைவிடப் பிள்ளைகள் கண்டிப்பாகச் சொன்னார்கள். வீட்டில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. வேளைக்குக் காப்பி வந்தது. தூர்தர்ஷனில் பழைய ராமாயணம் மறுபடியும் வந்தது. பென்ஷனும் தவறாமல் வந்தது. வராமல் போனது ஒரே ஒரு கேள்விதான்: “நேற்று ஏன் வரவில்லை?” உத்தியோகத்தில் இருக்கும்வரை மேலதிகாரி அந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்கிறார், ஓய்வு பெற்ற பிறகு அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று மனிதன் ஏங்க ஆரம்பிக்கிறான். நான் வராததை ஒருவர் கவனித்தார் என்பதிலே ஒரு சுகம் இருக்கிறது. வீட்டோடு இருக்கிறவனை யார் அப்படிக் கேட்க முடியும்? அவன் எங்கும் போகவில்லை, ஆகையால் எங்கும் வராமலும் இல்லை.

முதலில் நாங்களும் மற்றவர்களைப் போல வாட்ஸ்அப் குழு ஒன்றைத்தான் ஏற்படுத்தினோம். அதைப் போல ஒரு வியர்த்தமான காரியம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம். விடிந்தால் மலர்ப் படத்தோடு காலை வணக்கம், பிறகு கஷாயங்கள், பிறகு ஆகாயத்திலிருந்து மருந்து தெளிக்கப் போகிறார்கள், ஆகவே மொட்டை மாடியில் துணி உலர்த்தாதீர்கள் என்கிற எச்சரிக்கை, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று அந்தக் கம்பெனியாரே ஏப்ரலில் கட்டுப்பாடு விதித்தார்கள். எங்கள் ஸ்நேகிதர்கள் அதையும் பொருட்படுத்தாமல், ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். செய்தி வருகிறதே தவிர, அனுப்பிய மனிதர் எப்படி இருக்கிறார் என்று அதிலிருந்து தெரிவதில்லை. காய்ச்சலோடு படுத்திருப்பவரும் மலர்ப் படம் அனுப்பலாம். பல சமயங்களில் அனுப்பவும் செய்தார்.

சேர்ந்து பேசலாம் என்றால் அந்த வாட்ஸ்அப்பில் அப்போது 4 பேருக்குமேல் இடமில்லை; ஏப்ரல் கடைசியில் அதை 8 ஆக்கினார்கள். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சீட்டாடலாம், சபை நடத்த முடியாது. அப்பொழுதுதான் பொன்மலை ஃபோர்மன், பேரனைக் கேட்டு ஸூம் என்னும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். ரயில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகளாதலால் அவருக்கு எந்த இயந்திரத்தினிடமும் பயமில்லை. பாங்கி மானேஜருக்கோ எல்லாவற்றிலும் பயம். ஸூம் பத்திரமானது அல்ல என்று உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 16-ஆம் தேதி வெளியிட்ட அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் காட்டி, ரகசியச் சொல் வேண்டும், உள்ளே வருபவரை வாசலிலேயே நிறுத்தி விசாரித்துவிட்டுத்தான் விட வேண்டும் என்றெல்லாம் விதிகள் செய்தார். எங்கள் சபையில் திருடுவதற்கு மூட்டுவலியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று ஃபோர்மன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆனால் மானேஜருடைய பயத்தால் ஒரு பெரிய லாபம் விளைந்தது: ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு எவன் பேசினாலும், அவன் பாங்கியிலிருந்தே பேசுவதாகச் சொன்னாலும், போனை வைத்துவிட வேண்டும் என்பதை ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் மங்களம் பாடுவதுபோல அவர் சொல்லி வந்ததால், முதியவர்களைக் குறிவைத்து அந்த நாட்களில் நடந்த மோசடிகளில் எங்களவர் ஒருவரும் சிக்கவில்லை.

முதல் கூட்டத்தில் நாங்கள் கண்டவை மனித முகங்கள் அல்ல. ஒரு சதுரத்தில் மின்விசிறி. இன்னொன்றில் நெற்றியும் திருமண்ணும். வேறொன்றில் காது மட்டும், ஏனென்றால் அவர் போனை வழக்கப்படி காதில் வைத்துக்கொண்டிருந்தார். “என்ன ஸார், என் குரல் கேக்குதா?” “கேக்குது, உங்க வீட்டு உத்தரம்தான் தெரியுது.” இவ்வாறு அரை மணி போயிற்று. இலவசக் கணக்குக்கு 40 நிமிஷத்தில் கூட்டம் தானே அறுந்துவிடும் என்பதை மானேஜர் ஒரு குறையாகச் சொன்னார். ஃபோர்மனோ அதைப் பணிமனைச் சங்கு என்றார். சங்கு ஊதினால் கிளம்ப வேண்டியதுதான். அந்தக் கட்டாயம் எங்கள் சபைக்கு வந்த பெரிய பாக்கியம் என்றே நினைக்கிறேன். ஆற்றங்கரையில் இரண்டு மணி நேரம் பேசியும் சொல்லாத விஷயங்களை 40 நிமிஷத்தில் சொல்லக் கற்றுக்கொண்டோம். நேரம் மாலை ஐந்தரை என்று வைத்ததற்குக் காரணம் வேறு. ஜூன் மாதத்திலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வகுப்புகளெல்லாம் போனிலே வர ஆரம்பித்தபடியால், ஒரே போன் உள்ள வீடுகளில் பகல் பொழுது அவர்களுடையதாயிற்று. தாத்தாவின் முறை சாயங்காலம்.

ஆனால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. சபையில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்குப் பேர் பட்டன் போன் வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு லிங்க்கும் கிடையாது, சதுரமும் கிடையாது. ஆற்றங்கரையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு போன் வாங்காத குற்றத்துக்காகச் சபையிலிருந்து நீங்கிப்போவதா? அதற்குத் தீர்வு கண்டவர், அதுவரை எங்கள் சபைக்கே வராத ஓர் அம்மையார். அவருடைய கணவர் எங்களோடு உட்கார்ந்தவர், சில வருஷங்களுக்கு முன் காலமாகிவிட்டார். அம்மையார் திருச்சி வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். 1939-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் குரல்களைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அவர் பேசினால் தானாகவே நிமிர்ந்து உட்காரத் தோன்றும். கணவருடைய எண் குழுவில் இருந்ததால் லிங்க் அவருக்கும் போயிருக்கிறது. ஒருநாள் உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டுவிட்டு, “ஒருத்தர் பேசும்போது மத்தவங்க ம்யூட்ல இருக்கணும். பேசறதுக்கு முன்னாடி பேரைச் சொல்லுங்க” என்றார். அன்றோடு சபை அவர் கைக்குப் போயிற்று.

அவர் செய்த ஏற்பாடு இது. வீட்டில் இரண்டு போன் உள்ள ஒவ்வொருவரும் பட்டன் போன்காரர் ஒருவரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு போனில் கூட்டம். மற்றொரு போனில் அவரை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். முகம் தெரியாவிட்டால் என்ன, வானொலியில் யாருடைய முகம் தெரிந்தது என்று கேட்டார். அடுத்தபடியாக, கூட்டம் தொடங்கியதும் அகர வரிசையில் பெயர் வாசிப்பார். வாசிக்கப்பட்டவர் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் யாரோ ஒருவர் வேடிக்கையாக, “உள்ளேன் அம்மா!” என்றார், எல்லோரும் சிரித்தோம், மறுநாளிலிருந்து அதுவே சம்பிரதாயமாகிவிட்டது. எழுபத்தெட்டு வயசுத் தலைமையாசிரியர், வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை அப்படிச் சொல்ல வைத்தவர், கைகட்டாத குறையாக “உள்ளேன் அம்மா” என்று சொல்வதைக் கேட்க வேண்டுமே! பதில் வராத பெயரை அம்மையார் தாண்டிப் போக மாட்டார். அருகில் இருப்பவர் உடனே அந்த வீட்டுக்குப் போன் செய்து காரணம் தெரிந்து சொல்ல வேண்டும்.

பெயர் வாசித்த பிறகு நடந்த நிகழ்ச்சிகளை விவரிக்க வேண்டியதில்லை. கம்பராமாயணம் ஒருவர் படிப்பார். சர்க்கரை வியாதியைப் பற்றி ஒருவர் பேசுவார். மத்திய அரசாங்கம் அகவிலைப்படியை 2021 ஜூன் வரையில் நிறுத்தி வைத்து ஏப்ரல் 23-ஆம் தேதி உத்தரவு போட்டதும், சில தினங்களில் மாநில அரசும் அதைப் பின்பற்றியதும் ஒரு வாரத்துக்கு எங்களுக்கு நல்ல ஆகாரமாக இருந்தன. டிசம்பர் 17-ஆம் தேதி ஓய்வூதியர் தினத்தையும் விடவில்லை. 1982-ஆம் வருஷம் அந்தத் தேதியில்தான், நகரா என்னும் ஓய்வு பெற்ற அதிகாரி தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடுகிற பிச்சையன்று, செய்த வேலைக்காக வந்து சேர வேண்டிய உரிமை என்ற கருத்தைச் சுப்ரீம் கோர்ட் நிலைநாட்டியது. கருவூலக்காரர் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 40 நிமிஷமும் போய்விடும். அன்று சங்கு ஊதிய பிறகு மறுபடியும் லிங்க் போட்டு அவரை முடிக்கச் சொன்னோம்.

ஆடிப் பதினெட்டைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் மேட்டூர் அணையைப் பல வருஷங்களுக்குப் பிறகு ஜூன் 12 என்ற வழக்கமான தேதியிலேயே திறந்தார்கள். காவேரியில் தண்ணீர் வந்தது. தண்ணீர் இல்லாத ஆடிப்பெருக்கில் குழாய் வைத்துத் தெளித்துக்கொண்ட வருஷங்களைப் பார்த்திருக்கிற எங்களுக்கு, ஆறு ஓடும்போது படித்துறை அடைபட்டிருப்பது ஒரு விசித்திரமான துக்கமாக இருந்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத ஞாயிறுகளிலெல்லாம் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கரையோரத்து அடுக்கு வீட்டில் மேல்தளத்தில் இருக்கும் பாய்லர் ஆலைக்காரர், மொட்டை மாடிக்குப் போய்த் தம் போனை ஆற்றுப் பக்கம் திருப்பினார். கை நடுங்குகிற மனிதர். ஆகையால் காவேரியும் நடுங்கிக்கொண்டே தெரிந்தது. ஒருவரும் பேசவில்லை. பிறகு பட்டன் போன்காரர் ஒருவர், “எனக்கும் சொல்லுங்களேன், எது வரைக்கும் தண்ணி நிக்குது?” என்று கேட்கவே, அம்மையார் தேர்த்திருவிழா நேர்முக வர்ணனை செய்வதுபோல, எந்தப் படி வரையில் முழுகியிருக்கிறது, நீரின் நிறம் என்ன, அக்கரை எப்படித் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அவர் சொன்ன பிறகுதான் சரியாகப் பார்த்தோம். அதற்கப்புறம் அவரவர் வீட்டுச் சித்ரான்னங்களை அவரவரே சாப்பிட்டோம். புளியோதரையை மட்டும் போனில் கைமாற்ற முடியவில்லை.

மரணங்களும் நேர்ந்தன. இறுதிச் சடங்குக்கு 20 பேருக்குமேல் கூடக்கூடாது என்ற காலம். நாற்பது வருஷ ஸ்நேகிதனுக்கும் அந்த இருபதில் இடமில்லை. ஐந்தரை மணிக் கூட்டத்திலேயே இரங்கல் சொன்னோம். காலமானவரின் பெயரை வரிசையிலிருந்து எப்போது எடுப்பது என்பது பற்றி விவாதம் எழுந்தது; பதின்மூன்றாம் நாள் வரை வாசிப்பது, அவர் வீட்டாரில் ஒருவர் பதில் சொல்வது, அதன் பிறகு எடுப்பது என்று அம்மையார் தீர்மானம் செய்தார். அதை யாரும் மறுக்கவில்லை.

2021 மே மாதம், இரண்டாவது அலை எழுந்து ஆக்ஸிஜனுக்காக ஜனங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில், ஒரு சாயங்காலம் கருவூலக்காரரின் பெயரை வாசித்தபோது அவர் “உள்ளேன்” என்று சொல்லிச் சற்று நிறுத்தி, “அம்மா” என்றார். எங்களுக்கு அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. அம்மையார் பெயர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, “ஸார், நேத்திக்கு நீங்க சொன்ன விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டார். அவர் சொன்னார்; நீண்ட வாக்கியங்களிலேயே பேசிப் பழகிய மனிதர் அன்று இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார். தமக்கு ஒரு சிரமமும் இல்லை என்று வேறு சாதித்தார். இந்த வியாதியில் அதுதான் வஞ்சனை: ரத்தத்தில் பிராணவாயு குறைந்துகொண்டே போகும், ஆளுக்கு மூச்சுத் திணறல் தெரியாது. அடுத்த தெருவிலிருந்து ஆக்ஸிமீட்டரைக் கொண்டுபோய் வாசலில் வைத்து அவர் மகனைப் பார்க்கச் சொன்னோம். அளவு தொண்ணூறுக்குக் கீழே இருந்தது. அன்றிரவே சேர்த்தார்கள். பிழைத்து வந்துவிட்டார். மைக்கின் முன் உட்கார்ந்து மூச்சுக் கட்டுப்பாட்டையே தொழிலாகப் பயின்ற ஒருவருக்குத்தான் மற்றவரின் மூச்சு அப்படிக் கேட்கும். வீடியோவில் கருவூலக்காரரின் முகமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த முகத்திலிருந்து நாங்கள் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

தடுப்பூசி 60 வயதானவர்களுக்கு 2021 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கியபோதும் இந்தப் பொறுப்பு முறையே உதவிற்று. கோவின் தளத்தில் அப்போது ஒரு கைபேசி எண்ணில் 4 பேரைப் பதிவு செய்யலாம் என்று இருந்ததால், போன் உள்ளவர் தம் குடும்பத்தோடு தம் பட்டன் போன்காரரையும் அவர் மனைவியையும் சேர்த்துக்கொண்டார். உயிர்வாழ்வுச் சான்றிதழுக்கும் அப்படியே. மாநில ஓய்வூதியர்களுக்கு 2020-இல் நேர்காணலிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரோடு முடிய வேண்டிய தவணையை டிசம்பருக்கும், பிறகு பிப்ரவரிக்கும் தள்ளினார்கள். 70 ரூபாய் கட்டணத்துக்குத் தபால்காரரே கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். ஃபோர்மனுக்குக் கைரேகை தேய்ந்துபோய்க் கருவியில் விழவேயில்லை. இத்தனை வருஷம் இரும்பைப் பிடித்த கைக்கு அரசாங்கம் உயிர் இல்லை என்கிறதே என்று சிரித்தார். அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறது, நீ இருக்கிறாயா என்று. எங்கள் அம்மையார் தினமும் கேட்டார்.

எல்லோரையும் காப்பாற்றி அணைத்துக்கொண்டோம் என்று எழுதினால் அது பொய்யாகும். காது கேளாதவர்களுக்கு எங்கள் ஏற்பாட்டில் இடமே இருக்கவில்லை. ஆற்றங்கரையில் அவர்கள் பேச்சைக் கேட்காவிட்டாலும் கூட உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட உட்காருதலை எந்த லிங்க்கும் கொடுக்காது. வீட்டில் தனியறை இல்லாதவர்கள் மனம் விட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மருமகள் அடுப்படியில் நிற்க, மாமனார் என்ன பேசுவார்? சொந்தத் திண்ணை இருந்தவனுக்குத்தான் இந்தப் புதுத் திண்ணையும் சௌகரியப்பட்டது.

ஆகவே, தஞ்சாவூர் நண்பருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்தச் செயலி நல்லது என்று கேட்காதீர்கள். எது வேண்டுமானாலும் இருக்கட்டும். தினமும் ஒரே நேரம் வையுங்கள். கண்டிப்பான ஒருவரைப் பிடித்துப் பெயர் வாசிக்கச் சொல்லுங்கள். பட்டன் போன்காரருக்கு ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். மலர்ப் படங்களைத் தடை செய்யுங்கள்.

படித்துறை திறந்ததும் புருஷர்கள் பழையபடி ஆற்றங்கரைக்குப் போய்விட்டோம். போன பிறகுதான் ஒன்று புலப்பட்டது. கணவர்களின் சதுரத்தில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்களாகத் தொடங்கிய எங்கள் வீட்டுப் பெண்களும், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களும், அந்த இரண்டு வருஷங்களில் பாதிச் சபையாகவே ஆகியிருந்தார்கள். ஆற்றங்கரை அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, நாங்களும் அழைத்ததில்லை. அவர்கள் கூட்டத்தைக் கலைக்க மறுத்துவிட்டார்கள். இப்போதும் நாள்தோறும் ஐந்தரை மணிக்கு அது நடக்கிறது. அம்மையார்தான் பெயர் வாசிக்கிறார். புருஷர்களும் வரலாம், முறை வரும்வரை ம்யூட்டில் இருக்க வேண்டும்.